ஸ்டூடியோ கோட்டில் ஓடிய அலை

ஸ்டூடியோ வேலையில் கமரா செய்யும் குற்றமும் கமரா பிடித்தவள் தலையில்தான் விழும். என்னைப் போல நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. அட்டனில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்கு டிஜிட்டல் கமரா வந்த வருடம் யுத்தத்தால் கொழும்பில் ராணுவச் செக்கிங் கடுமை. என் கணவர் சிவா அங்கே ஒரு கடையில், அடையாள அட்டை இல்லாமல் வேலை செய்தார். அட்டைக்கு விண்ணப்பம் போயிருந்தது. படம் நான் எடுத்ததுதான். பாப்பாவுக்கு ஏழு மாதம். ஸ்டூடியோ போன் அடித்தால் முதலாளிக்கு முன்னால் நான்தான் ஓடிப்போய் எடுப்பேன்.

வாத்தியாரின் மயில்

யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர், வெள்ளையில் மயிரிழைக் கோடு போட்ட சட்டையோடு வந்தார். கம்ப்யூட்டரில் பார்த்தால் நெஞ்சு முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக அலை. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அலை போகவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, நான் வெள்ளைச் சேட்டுத்தான் போட்டுக்கொண்டு வந்தனான். இந்த மயில் எங்க இருந்து வந்தது?”

இரண்டு திரை

கமராவோடு வந்த புத்தகத்தில் அதற்கு மொய்ரே என்று பெயர் போட்டிருந்தது. நான் படித்த கான்வென்டில் மெல்லிய ஜன்னல் திரை இரண்டாக மடிந்து தொங்கும்போது, இல்லாத ஒரு அலை அதில் ஓடும். இதுவும் அப்படித்தான். துணியில் நெருக்கமான கோடு, கமராவுக்குள் நெருக்கமான கட்டம். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அலை. அது வராமலிருக்க இரண்டு எட்டுத் தள்ளி நிற்கலாம். ஆளைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைக்கலாம்.

படித்த பெருமையில் ஒரு கல்யாணச் சேலையின் அலையை அழிக்க உட்கார்ந்தேன். அழிக்க அழிக்க வேறு இடத்தில் வந்தது. முதலாளி வந்து படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினார். அலையே இல்லை.

“மகள், அது சேலையில இல்ல, சுருக்கிப் பார்த்தா இந்தப் பொட்டியோட கண்ணாடியில வர்றது. ஒரு மணி நேரமா நீ பொட்டியத்தான் துடைச்சிருக்க.”

எல்லோருக்கும் ஒரே கோட்டு

சிவாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘தெளிவான படம் தேவை.’ திரும்பி வந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாக்கியும் தோளிலிருந்து கழுத்துவரை வரிவரியாக அலை. அவர் போட்டிருந்தது ஸ்டூடியோ கோட்டு. உங்கள் ஊர் ஸ்டூடியோவிலும் ஒன்று ஆணியில் தொங்கும். அட்டைக்குப் படமெடுக்க வருகிற ஆண்கள் எல்லோரும் அதற்குள் நுழைந்துதான் வெளியே வருவார்கள். பிலிம் காலத்தில் சாதுவாக இருந்த அதன் நெருக்கமான நெசவு, புதுக் கமராவுக்கு ஆகவில்லை.

கோட்டை உள்ளே பூட்டினேன். மறுநாள் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கங்காணி ஒருவர், சட்டை போதும் என்றதும் எழுந்துவிட்டார்.

“கோட்டு இல்லாம எடுத்தா நான் யாருன்னு ஆபீஸ்ல எப்படிங்க மிஸ் தெரியும்?”

முதலாளியின் சட்டை

அடுத்த வாரம் கொழும்பில் செக்கிங்கில் சிவாவைப் பிடித்து வைத்து, கடைக்காரர் போய்ச் சொன்ன பிறகே விட்டார்கள். ஒரு நாள் லீவில் வந்தார். போட்டிருந்தது பொடிக்கட்டச் சட்டை, அதிலும் அலை ஓடும். முதலாளி தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவெட்டரோடு உட்கார்ந்தார்.

கை ஆடினால் எந்த அலையும் அழிந்துவிடும். கண்ணும் மூக்கும் சேர்ந்து அழியும். கமராவை முக்காலியில் பூட்டி, மூச்சை அடக்கி எடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் பார்த்துத்தான் அவரை எழுந்திருக்க விட்டேன்.

அட்டை வந்தது. சிவா அதைக் கொழும்புக்குக் கொண்டுபோன நாள் சாயங்காலம் ஸ்டூடியோ போன் அடித்தது.

“செக்கிங்ல மறிச்சாங்க. கார்ட பார்த்தான், என்னையப் பார்த்தான், மறுபடி கார்ட பார்த்தான். சிங்களத்துல ‘யண்ட’ன்னுட்டான், போயிட்டு வான்னு. பாப்பா பால் குடிச்சிச்சா?”

நான் எடுத்த படங்களை எத்தனையோ பேர் பார்த்து எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் விட்டவர், துப்பாக்கியோடு நின்ற அந்த ஒருவர்தான்.