கையெழுத்துப் போட முடியாத கராத்தே மாஸ்டர்

கராத்தே மாஸ்டர் வேலையில் அடி விழுவது மேட் மேல் மட்டும்தான் என்று நம்பி இறங்கியவள் நான். பதினைந்து வயதில் அரியலூரில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பிளாக் பெல்ட் வாங்கி, கல்யாணமாகி பெரம்பலூர் வந்து, பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். முகத்தில் வாங்கிய குத்தெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆட்கள் பேசியதுதான் இன்னும் எரிகிறது. ஆம்பளை வேலை என்று ஊர் முத்திரை குத்திய வேலையில் நுழைந்த அக்கா தங்கைகளே, பஸ்ஸில் டிக்கெட் கிழித்தாலும் சரி, கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டினாலும் சரி, நீங்கள் என் கட்சி. படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் பல்லைக் கடியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பெல்ட் தரும்போது ஒரு சர்டிபிகேட் தருவோம். அதில் கையெழுத்துப் போட மாஸ்டருக்கு இரண்டாம் டான் வேண்டும். டான் என்பது பிளாக் பெல்ட் வாங்கிய பிறகு ஏறுகிற படி. என்னிடம் இருந்தது முதல் டான் மட்டும். அதனால் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் கொடுப்பது நான். வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது ஒரு பெரிய மாஸ்டர். என் பிள்ளைகளின் சர்டிபிகேட்டில் என் பெயர் ஒரு மூலையில்கூட இருக்காது. இதை மாற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாஸ்டர் எங்க?

வேப்பந்தட்டையிலிருந்து ஒருவர் மகளை டிவிஎஸ் ஃபிப்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ஒன்பது வயசுப் பெண், துறுதுறுவென்று இருந்தாள். வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டுமாக நிற்கும் என்னைப் பார்த்து, "மாஸ்டர் எங்கம்மா?" என்றார். "நான்தாங்க" என்றேன். "சரிம்மா" என்று சொல்லி, சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் பார்த்தார். முப்பது பிள்ளைகளை நான் வரிசையில் நிறுத்தியதைப் பார்த்தார், கால் தூக்கும் விதம் சரியில்லாத பிள்ளையின் முட்டியைத் திருப்பி வைத்ததைப் பார்த்தார், அவர் மகள் ஓரத்தில் நின்று தானாகவே எல்லாவற்றையும் செய்து பார்த்ததையும் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் எழுந்து வந்து மனசாரச் சொன்னார்: "நல்லாவே சொல்லித் தர்றீங்கம்மா. மாஸ்டர் வந்தா வேப்பந்தட்டையிலேருந்து ஆள் வந்துட்டுப் போனாருன்னு சொல்லுங்க, இன்னொரு நாளைக்கு வரேன்."

முகூர்த்தம்

எங்கள் வகுப்பு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில். வேறு இடம் யாரும் தரவில்லை. முகூர்த்த நாளென்றால் முதல் நாள் சாயங்காலமே எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். தை, வைகாசி, ஆவணியில் எங்கள் பிள்ளைகள் கற்றதை மறப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் திரும்பக் கற்பார்கள். பந்தி முடிந்து சரியாகக் கழுவாத தரையில் பாயசம் பிசுபிசுக்கும். கிக் போட்டுவிட்டுக் காலைக் கீழே வைத்தால் உள்ளங்காலில் நாலு பருக்கை ஒட்டியிருக்கும்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வரிசையாக மூன்று முகூர்த்தம். கீழே கல்யாணம் நடக்கட்டும், எங்களுக்கு மொட்டை மாடியாவது கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பொண்ணுங்க எட்டி ஒதைச்சுக் கத்துற சத்தம் மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா, தாலி கட்டுவாங்களாம்மா?"

பத்து ஓடு

டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. அங்கே கராத்தே வகுப்பு கிடைத்தால் மண்டபத்துப் பாயசத்திலிருந்து விடுதலை. ஆகவே இருபது பிள்ளைகளைத் தயார் செய்து கூட்டிப் போனேன். கரஸ்பாண்டன்ட் அவர்கள் செய்து காட்டியதைப் பார்க்கவே இல்லை. "ஓடு ஒடைப்பீங்கல்ல? வயித்து மேல பைக் ஏத்துவீங்கல்ல?" என்றார். ஓடு திருப்பி அடிக்காது சார், அதை உடைப்பது கராத்தே இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, ஓடு மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அடுக்கிய பத்தையும் உடைத்தேன். கை வீங்கிவிட்டது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "இவங்களைக் கட்டுனவரு வூட்டுல தெனம் என்ன பாடு படுறாரோ, பாவம்!" என்றார். இந்த ஜோக்கை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்வார்கள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஐந்தாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் சிரித்தார். கடைசியில் கரஸ்பாண்டன்ட், "சர்டிபிகேட்ல நீங்களே கையெழுத்துப் போடுற நெலைமைக்கு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன், நீங்களுமா சிரிப்பீர்கள் என்று. அவர் என் கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் சிரிக்கையில நான் மட்டும் சும்மா இருந்தா, நெசமாவே அடி வாங்குறேன்னு நெனைச்சுக்குவாங்கல்ல?"

அரைஞாண்

இரண்டாம் டானுக்குத் திருச்சியில் தேர்வு. என் எடையுள்ள பெண்களோடு மூன்று சண்டை. இரண்டில் ஜெயித்தால் பாஸ். முதல் தடவை போனேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. சரியான விதிதான், எதிராளிக்குக் கிழித்துவிடும். தோடு, வளையல், மெட்டி வரைக்கும் கழற்றினேன். தாலி மட்டும் மிச்சம். பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "அஞ்சு நிமிஷம்தானே, கழட்டி வெச்சுட்டு வாங்க" என்றார், செருப்பைக் கழற்றச் சொல்வது மாதிரி. அவர் வீட்டுப் பெண்ணை இப்படிக் கழற்றச் சொல்வாரா? என்னால் முடியவில்லை. பயம் என்று சொல்லுங்கள், பழக்கம் என்று சொல்லுங்கள், கை அங்கே போகவில்லை.

திரும்பும்போது பக்கத்துக் கூடத்தில் ஆண்கள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியே பார்த்தால், ஒருவர் பாக்கியில்லாமல் இடுப்பில் விரல் தடிமனுக்கு வெள்ளி அரைஞாண்கொடி! எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. மேஜைக்குத் திரும்பி வந்து, இது மட்டும் என்ன சார், வாழைநாரா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்: "அரைஞாண் இல்லாம ஒரு ஆம்பள எப்படிம்மா இருக்க முடியும்?"

இல்லாத மாவட்டம்

மறு வருஷம் மனு போடப் போனால், அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். பெரம்பலூர் கராத்தே சங்கத்தில், "நீங்க பிளாக் பெல்ட் வாங்குனது அரியலூர்ல. இப்ப அது வேற மாவட்டம், அங்க போங்க" என்றார்கள். அரியலூருக்குப் போனேன். "கட்டிக் குடுத்தது பெரம்பலூர்ல, இங்க ஏம்மா வந்தீங்க?" என்றார்கள். பிறந்த வீட்டிலும் இடமில்லை, புகுந்த வீட்டிலும் இடமில்லை. ஆறு மாசம் நடந்து, அழாத குறையாகப் பேசி, அரியலூர் மாவட்டம் என்று போட்டு மனுவில் சீல் வாங்கித் திருச்சிக்கு அனுப்பினேன்.

அது அங்கே மேஜை மேஜையாகத் தூங்கி எழுந்திருப்பதற்குள், அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். என் மனு திரும்பி வந்தது. என்னய்யா இது என்று பதறிக்கொண்டு போய்க் கேட்டேன். சங்கத்துக் கிளார்க் பொறுமையாக விளக்கினார்: "இல்லாத மாவட்டத்துலேருந்து ஒரு ஆளு எப்படிங்க சண்டைக்கு வர முடியும்?"

விரலி மஞ்சள்

இரண்டு வருஷம் வீணானதில் ஒன்றுக்கு நானும் காரணம். எறையூரில் கரும்பு போடும் என் மாமியாரிடம், முதல் தடவை தோற்றுவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தேன். தாலியைக் கழற்றச் சொன்னார்கள் என்று சொன்னால் வகுப்பையே மூடு என்பார் என்று பயம். மூன்றாம் வருஷம், வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொல்லி அழுதேன்.

அத்தை கோபப்பட்டது நிஜம்தான்; ஆனால் இதற்காக ஏன் அழுகிறாய் என்று. உள்ளே போய் ஒரு மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எடுத்து வந்தார். அதை என் கழுத்தில் கட்டிய பிறகு தங்கத் தாலியைக் கழற்றித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வெளியே மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த மாமனாரைக் கையால் காட்டிச் சொன்னார்: "வயல்ல போர் போடையில என் தாலிய அடகு வெச்சுட்டு, மூணு வருஷம் மஞ்சளத்தான் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தா நிக்கிறாரு பாரு, செத்தா போயிட்டாரு?"

மேட் மேல் விழுந்தது

திருச்சியில் அதே மேஜை. "கழுத்துல என்ன?" "மஞ்சள் சார். மெட்டல் இல்ல." மூன்று பேர் கூடிப் பேசினார்கள். விதிப் புத்தகத்தில் மஞ்சளைத் தேடினார்கள். ஒருவர், கயிறு கழுத்தை இறுக்கிவிடும் என்றார். "பலமா இழுத்தா அறுந்துடும் சார். சந்தேகமா இருந்தா நீங்களே இழுத்துப் பாருங்க" என்று கழுத்தை நீட்டினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். தலைமை நடுவர், "போங்கம்மா, போய்ச் சண்டை போடுங்க" என்றார்.

முதல் சண்டை ஜெயித்தேன். இரண்டாவது தோற்றேன். மூன்றாவதில் எதிரே மதுரைக்காரப் பெண், காலேஜ் படிக்கிறவள், என்னைவிட வேகம். சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கயிறும் சேர்ந்து வந்து அறுந்தது. மஞ்சள் மேட் மேல் விழுந்து உருண்டது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவர் 'நிறுத்து' என்று சொல்லவில்லை. நான் ஒரு குத்து வைத்தேன். பாயின்ட். நேரம் முடிந்தது, ஜெயித்துவிட்டேன். நியாயமா என்று கேட்காதீர்கள். மூன்று வருஷம் எனக்கு யார் நியாயம் பார்த்தார்கள்? ஆனால் அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடி வந்து மஞ்சளைப் பொறுக்கி என் கையில் வைத்து, "அக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரிசல்ட் சீட்டைக்கூட வாங்காமல், கழுத்தில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். வீட்டுக்காரரின் லேத் பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிடச் சொன்னேன். அவர் குரல் கேட்டதும் என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்றேன். அவர் கத்தினார்: "பதினோரு மணிக்கு எவன் சாப்பிடுவான்? செயிச்சியா இல்லியா, அத மொதல்ல சொல்லு!"

மாஸ்டர் வந்துட்டாரு

அந்த வருஷம் முப்பத்திரண்டு சர்டிபிகேட். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. மை காயக் காய எடுத்து எடுத்துப் பார்த்தேன். கரஸ்பாண்டன்ட் பள்ளிக்கூடத்தில் வகுப்பும் கொடுத்தார், இந்தத் தடவை ஓடு கேட்காமல்.

ஒரு சாயங்காலம் அதே டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. வேப்பந்தட்டைக்காரர். பின்னால் அவர் மகள், தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். ஓரத்தில் நின்று தானாகக் கால் தூக்கிய பிள்ளைக்கு மூன்று வருஷம் போய்விட்டது. "கையெழுத்துப் போடுற மாஸ்டரே இங்க வந்துட்டாருன்னு சொன்னாங்கம்மா, அதான் சேத்துவுடலாம்னு" என்றார். அட்மிஷன் ஃபாரத்தை எடுத்து, அவர் மகளின் பெயரைக் கேட்டு எழுதி, 'மாஸ்டர்' என்று போட்டிருந்த இடத்துக்கு மேலே, அவர் கண் முன்னால் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவர் குனிந்து கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கையெழுத்தைப் பார்த்தார். ரொம்பத் திருப்தியாகச் சொன்னார்: "பரவால்லயே, அவரு இல்லாதப்ப நீங்களே போட்டுருவீங்களா?"

மூன்று சண்டை போட்டு, ஒரு மாவட்டத்தைத் தொலைத்து, தாலியை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு நான் வாங்கி வந்த கையெழுத்து அது. ஆனாலும் இன்னும் வந்து சேராத அந்த மாஸ்டரைக் கேட்டுத்தான் பெரம்பலூரில் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.