மீனா, அரைப்பா?

ஜாஸ்மி மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பேச்சுக்கலையின் வரலாறு நடத்துகிறாள். பழைய கிரேக்க ஊர்களில் வாதாடக் கற்றுக்கொடுத்தவர்கள், ரோமாபுரி வக்கீல்கள், கொடி நாட்டி வாதுக்கு அழைத்த தமிழ்ப் புலவர்கள் தொடங்கி இன்றைய கைபேசி விளம்பரம் வரை அவள் பாடத்தில் வரும். மேடை மட்டும் ஏறியதில்லை. கடலோரத்துச் சொந்த ஊரின் கோவில் திருவிழாவில் பட்டிமன்றம் பேசக் கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை.

தலைப்பு: குழம்புக்கு ருசி மீனாலா, தேங்காய் அரைப்பாலா? நடுவர் ஆன்ட்ரூஸ் குறும்புக்காரர். மீன்காரர் மகளான ஜாஸ்மிக்கு அரைப்பைக் கொடுத்தார். மீன் கட்சி பூதப்பாண்டிப் பள்ளி ஆசிரியர் முருகதாஸுக்குப் போனது. அவர் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை.

ஜாஸ்மி முதலில் பேசினாள். தொடக்கம், விவரம், ஆதாரம், மறுப்பு, முடிவு என்று ரோமாபுரி ஒழுங்கில் எல்லாம் சரியாக இருந்தது. கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

முருகதாஸ் வந்த பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் சமாளிக்கும்படி ஆன்ட்ரூஸ் அவளைக் கெஞ்சினார். ஒரே விஷயத்தின் இரண்டு பக்கத்தையும் பேசிப் பழக வேண்டும் என்பது அந்தக் கிரேக்க ஆசிரியர்களின் பாடம். வருஷாவருஷம் தேர்வில் கேட்கிற கேள்வி. செய்து பார்த்ததுதான் இல்லை. மைக்கை எடுத்து மீன் கட்சிக்குத் தாவினாள். அப்பா ஏசுஅடிமை கொண்டுவரும் சாளை மீன் சட்டியில் இறங்கியதும் தெருவே மணப்பதைச் சொன்னாள். விசில் பறந்தது.

அந்நேரம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார் முருகதாஸ்.

"சாரே, உங்க பேச்சையும் நானே பேசிட்டேன்" என்றாள் ஜாஸ்மி, கூச்சத்தோடு.

"அப்போ உங்க பேச்சை நான் பேசுகேன் டீச்சர்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார்.

"நான் மீன் தின்னதே இல்ல. ஆனா இதே அரைப்ப எங்க வீட்டுல முருங்கைக்காயில விடுவோம். விரல நக்காத ஆள் கிடையாது. நீங்க ஒருநாள் அரைப்பு இல்லாம மீன வெறுந்தண்ணியில அவிச்சுப் பாருங்க."

முன்வரிசைப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். தீர்ப்பு அரைப்புக்கு.

தன் வாயில் எடுபடாத கட்சி இன்னொருவர் வாயில் ஜெயித்தது ஜாஸ்மிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தாள். நியாயம் அவளிடமும் இருந்தது. ஆனால் மீன் ருசியே அறியாத மனிதர், தான் தின்ற குழம்பை மட்டும் சாட்சி வைத்துப் பேசினார். கூட்டம் அவரை நம்பியது. சொல்கிற ஆளைப் பார்த்துத்தான் சொல் எடுபடும் என்று அவள் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள்.

"ஏட்டி, நீ ஜெயிச்சியா, தோத்தியா?" என்று கேட்டார் ஏசுஅடிமை.

"ரெண்டும்தான் அப்பா" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு முருகதாஸை வகுப்புக்கு அழைத்தாள். அவர் முன்னால், வகுப்பில் கைபேசி வேண்டுமா என்று மாணவர்களை இரு அணியாக வாதாட விட்டு, நடுவில் கட்சி மாறச் சொன்னாள். கைபேசிக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஷிபு எதிரணிப் பக்கம் போய் நின்றான். பிறகு கைபேசியை எதிர்த்து அதைவிட நன்றாகப் பேசினான். மணி அடித்தும் ஓயாமல் பஸ் ஸ்டாப் வரை போனது சண்டை.