மழையை விசாரித்த குரல்

எழுபதுகளில் மணவாள நகரில் தனியாகக் குடியிருந்தேன். வெளியூர்க்காரர்களோடு வானொலி அலையில் பேச அனுமதிக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமம் கிடைத்ததும், பழைய ராணுவ வானொலிப் பெட்டி ஒன்றைப் பழுது பார்த்து, மாடியிலிருந்து தென்னைமரம் வரை ஏரியல் கம்பி கட்டினேன். பல நாள் மைக்கில் கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் நாக்பூர்க்காரர் ஒருவர் பதில் கொடுத்தார். அங்கே மழை உண்டா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். என்னை யாரும் எதுவும் விசாரித்து வெகுநாளாகியிருந்தது. தெருவில் ஓடும் தண்ணீர், கொடியில் நனையும் என் சட்டை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தால் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அவர் குரல் திரும்ப வரவேயில்லை.

பக்கத்து வீட்டு அம்மா சன்னல் வழியாகக் கேட்டார்: "ஊட்டுக்கு யார்னா வந்துக்கீறாங்களா சார்? பேசிக்கினே இருந்தீங்களே."

"வந்திருந்தாரும்மா. இப்பதான் போனார்."

"சொல்லியிருந்தா காபி போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார்.