பூவாலனைக் கட்டிவைத்த பத்து நாட்கள்

பூவாலனை விசர் பிடித்த வெறிநாய் என்று சொன்னவன் நான்தான். அது பொய்.

எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என்றாலும் இந்தப் பொய்யை இதுவரை எழுதி வைத்ததில்லை. சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன் தன் நாய்க்குட்டியின் சாப்பாட்டுத் தட்டை இழுப்பதும் கொடுப்பதுமாக விளையாடுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து எனக்கும் அனுப்பியிருந்தான். பார்த்தவர்கள் எல்லோரும் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். குட்டியின் வால் விறைத்து நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு சாய்ந்தமருதில், வாப்பாவின் வயல் மாவடிப்பள்ளி வட்டை வயல்வெளியில். எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே நாங்கள் அறிந்திருந்தோம். வயல் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளத் தடையில்லை. கதிர் பால் பிடிக்கும் நாளில் பன்றி இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் வாப்பாவின் வயலைப் பொறுப்பெடுத்து வயல் குடிசையான வாடியிலேயே தங்கியிருந்த முல்லைக்காரர் ஒரு நாய் வளர்த்தார். உடம்பெல்லாம் கறுப்பு, வால் நுனி மட்டும் வெள்ளை. அதனால் பூவாலன்.

அந்தப் பள்ளி விடுமுறையில் வாடிக்குப் பகல் சோறு கொண்டுபோவது என் வேலை. மிஞ்சிய சோற்றையும் மீன் தலையையும் பூவாலனின் உடைந்த சட்டியில் போடுவதும் நான்தான். அதில் எனக்கொரு விளையாட்டு அகப்பட்டது. அது வாயை வைத்ததும் சட்டியை இழுப்பேன். அது நிமிர்ந்து பார்க்கும். திரும்ப வைப்பேன், மறுபடி இழுப்பேன். அவ்வளவு பெரிய நாய் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் வாரம் வாலாட்டியது. இரண்டாவது வாரம் வாலாட்டுவதை நிறுத்தியது. மூன்றாவது வாரம் நான் வரும்போதே அவசர அவசரமாக விழுங்கியது. உடம்பு மரம் மாதிரி விறைத்திருக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். தொண்டைக்குள் ஒரு உறுமல் இருக்கும். நாய் தன் பாஷையில் என்னிடம் ஐந்து தடவை நல்லபடியாகக் கேட்டிருக்கிறது. ஆறாவது தடவை கடித்தது.

வலது கையில் இரண்டு விரலும் உள்ளங்கையும் கிழிந்தன. முல்லைக்காரர் அப்போது வாய்க்கால் மடையில் இருந்தார். எனக்கு வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நாயின் வாய் பட்ட கையோடு வீட்டுக்குப் போனால் உம்மா என்ன சொல்வார் என்பதுதான் பயம். ஆகவே மார்க்கம் சொன்னதை ஒழுங்காகச் செய்தேன். வாய்க்காலில் ஏழு தடவை கழுவினேன். அதில் ஒரு தடவை வரம்புச் சேற்றை அள்ளிக் காயத்துக்குள் வைத்துத் தேய்த்தேன். பாக்கி ஆறு தடவையையும் விரல் விட்டு எண்ணினேன். சுத்தமாகிவிட்டேன் என்ற திருப்தியோடு கையை இடுப்புச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மூன்றாம் நாள் கை கொழுக்கட்டை போல வீங்கியது. ஓதப் போன இடத்தில் கிதாபைப் புரட்ட முடியவில்லை. ஓதித்தரும் லெப்பை கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திறந்த காயத்துக்கு மண் போடச் சொன்னது ஆர் என்று கேட்டார். அவரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். உம்மா அழுதார். வாப்பா எப்படிக் கடித்தது என்று கேட்டார். சட்டியை இழுத்தேன் என்று சொல்ல நா எழவில்லை. வரம்பில் சும்மா போனேன், தூரத்தில் இருந்து ஓடிவந்து பாய்ந்து கடித்தது என்றேன். வாயில் நுரை இருந்ததா என்று சாச்சா கேட்டார். சாச்சா வாப்பாவின் தம்பி. இருந்தது என்று அதற்கும் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். இன்றைக்கும் முதல் வேலை அதுதான். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், அதன் பிறகு நேரே ஆஸ்பத்திரி. இப்போது ஊசி கையில் போடுகிறார்கள், சில ஊசியோடு முடிந்துவிடும். அப்போது வயிற்றில், பொக்குளைச் சுற்றி, தினம் ஒன்று. டொக்டர் வாப்பாவிடம் இரண்டு விஷயம் சொன்னார். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பாருங்கள், தின்று குடித்து உயிரோடு இருந்தால் விசர் இல்லை, ஊசியையும் நிறுத்திவிடலாம். கட்ட முடியாத நாயென்றால் ஊருக்குள் விடாதீர்கள். சாச்சா இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை தெரிந்தவரிடம் நாயைச் சுடத் துவக்கு வாங்கிக்கொண்டு வாடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா என் கைக் கட்டை மாற்றினாள். என் கூடப்பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பாய்ஞ்சி கடிக்கிற நாய் கால்லதானே புடிக்கும். இல்லாட்டி முழங்கையில. ஒனக்கு உள்ளங்கையில கடிச்சிரிக்கி. கைய நீட்டிக் குடுத்தியா?”

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“சட்டிக்குள்ள கைய வெச்சிரிக்காய். நாளைக்கு அந்த நாய் மௌத்தானா ஒன்ட கணக்குலதான் எழுதுவாங்க, மனே.”

அவள் வாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் வாப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நானே போய்ச் சொன்னேன். வாப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைத் தூக்கி முன் பாரில் வைத்து, மாவடிப்பள்ளிக்கு அப்படி ஒரு மிதி மிதித்தார். காற்றில் எனக்குக் கண்ணீர் பின்பக்கம் ஓடியது.

நாங்கள் போகும்போது சாச்சா துவக்கோடு நின்றார். பூவாலன் மருத மரத்தடியில் கட்டப்பட்டிருந்தது. முல்லைக்காரர் அதற்கும் துவக்குக்கும் நடுவில் குந்தியிருந்து, அசையாமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வாப்பா என்னை இறக்கிவிட்டார். “எனக்குச் சொன்னத இவங்களுக்கும் சொல்லு” என்றார்.

சொன்னேன். சட்டியைச் சொன்னேன், மூன்று வாரத்தைச் சொன்னேன், நுரையும் பொய் என்று சொன்னேன். சாச்சா சிரித்துவிட்டார். பொடியனுக்கு நாய்மேல் இரக்கம், காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றார். பொய்யை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியவர், உண்மைக்குச் சாட்சி கேட்டார். கடைசியில் வாப்பா, டொக்டர் சொன்ன பத்து நாள் போகட்டும் என்று தீர்த்தார்.

“பத்து நாளைக்கு நாய்க்கு விருந்தா? திண்ணாம குடிக்காமக் கிடந்தா அண்டைக்கே வாறன்” என்றார் சாச்சா. “இடையில ஆரையும் கடிச்சா?”

“கடிச்சா நான் பொறுப்பு” என்றார் முல்லைக்காரர். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சாப்பாடு வைப்பது நான் என்று வாப்பா சொல்லிவிட்டார். காலையில் வயிற்றில் ஊசி, பிறகு சைக்கிளில் வட்டைக்கு. முதல் நாள் சட்டியை ஒரு நீளக் கம்பால் தள்ளி வைத்தேன். பூவாலன் என்னைப் பார்த்தது, சட்டியைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீரையும் தொடவில்லை. தின்னாமல் குடிக்காமல் கிடப்பதைத்தானே சாச்சா விசருக்கு அடையாளமாகச் சொல்லியிருந்தார். அது பட்டினி கிடந்தது நோயால் இல்லை, என்னால் என்று எனக்கு மட்டும் தெரியும். அதை அவரிடம் நிரூபிக்க வேண்டியது அந்த நாய்தான். அதற்கோ என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை.

இருபது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு சட்டி மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசை வந்தது. பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டடி நெருங்கினேன், அதற்கு மேல் இல்லை. அது விறைத்தால் ஓரடி பின்னுக்குப் போனேன். அதன் கண்ணை நேரே பார்க்கவில்லை. சட்டியில் இருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. என் பங்குக் கீரி மீனை வீட்டில் தின்னாமல் கொண்டுவந்து, அது தின்றுகொண்டிருக்கும்போதே தூரத்தில் இருந்து சட்டிப் பக்கம் எறிந்தேன். நான் வந்தால் குறையும் என்று படித்திருந்த நாய்க்கு, நான் வந்தால் கூடும் என்று படிப்பித்தேன். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எதைச் செய்து கெடுத்தேனோ அதைத் தலைகீழாகச் செய்தேன், அவ்வளவுதான்.

நாலாம் நாள் என் முன்னாலேயே தண்ணீர் குடித்தது. ஏழாம் நாள் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து நின்றது. ஒன்பதாம் நாள் சட்டிக்கு மேலே கையை நீட்டி ஒரு மீனைப் போட்டேன். வெள்ளை நுனி ஒரு தடவை இடமும் வலமும் போய் வந்தது. சந்தோஷத்தில் நான் போட்ட சத்தம்தான் வாடி முழுக்க.

பத்தாம் நாள் சாச்சா வந்தார், துவக்கோடுதான். வட்டையில் வேலை செய்த ஏழெட்டுப் பேரும் கூடிவிட்டார்கள். சட்டியில் சோற்றை வைத்தேன். பூவாலன் தின்னத் தொடங்கியது. கட்டுப்போட்ட அதே வலது கையால் மீனை ஒவ்வொன்றாகப் போட்டேன். அது நிமிரவே இல்லை, வால் மட்டும் ஆடியது. பிறகு பாத்திரத்துத் தண்ணீரைச் சளப் சளப்பென்று நக்கிக் குடித்து முடித்தது.

சாச்சா துவக்கைத் தோளில் மாட்டினார். “விசர் எங்கடா இரிந்திரிக்கி? ஒனக்குத்தான்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மருத மரத்துக் கொக்குகள் கிளம்பின. நானும் சிரித்தேன். ஊசியும் அன்றோடு நின்றது.

முல்லைக்காரர் கயிற்றை அவிழ்த்தார். பூவாலன் வரம்போடு ஓடியது, வாய்க்காலில் விழுந்தது, எழுந்து எங்கள் எல்லோர் மேலும் உதறியது. எல்லோரும் நஜீஸ், நஜீஸ், அசுத்தம் பட்டுவிடும் என்று கத்திக்கொண்டு சிதறினார்கள். முல்லைக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே சேற்று வரம்பில் நெற்றி மண்ணில் பட சுஜூதில் விழுந்தார். எழும்பியபோது முகமெல்லாம் சேறும் கண்ணீருமாக இருந்தது. ஒரு நாய்க்காக இவ்வளவா என்று நான் வியந்தேன். வென்றவன் நான்தானே என்று கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

முல்லைக்காரர் மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதப் போனபோது எனக்கு முப்பது வயது. அவருடைய மனைவியிடம், உங்கள் வீட்டு நாய்க்கு நான் செய்த பாவம் என்று பேச்சைத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். சாச்சா துவக்கோடு வந்த அன்று காலை, அவர் வருவதற்கு முன் முல்லைக்காரர் பூவாலனைக் கட்டப் போனபோது, மூன்று வாரமாகக் கையைக் கண்டால் வெருளும் அந்த நாய் அவருடைய மணிக்கட்டிலும் கடித்திருக்கிறது. அதைச் சொன்னால் துவக்கு வெடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சொல்ல வேண்டிவரும். அவர் ஊசி போடாமல், நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பத்து நாளும் வரம்பில் நின்றிருக்கிறார். அப்படிச் செய்வது பிழை, எவரும் செய்யக்கூடாது. ஆனால் என்னுடைய ஒன்பது வயதுச் சொல்லை அன்று முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். தினமும் பகலில் வந்து “திண்டிச்சா மனே?” என்று கேட்பார். நானும் சந்தோஷமாக, ஓம் காக்கா, திண்டிச்சி என்பேன். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நான் அழுததைப் பார்த்து அவருடைய மனைவி சிரித்தார்.

“அழாதங்க தம்பி. மௌத்தாகும் மட்டும் அவர் அந்த நாளச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்டைக்கு நாங்க மூணு பேரும் வெண்ட நாளெண்டு சொல்லுவார்.”

அதுவரை நான் இரண்டு பேர் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.