படியோரத்தில் ஒளிர்ந்த பச்சைக் கோடு

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு முதுகில் டிஸ்க் நழுவி நரம்பை அழுத்தியதால் இடது கால் மரத்துப்போய்விடும். வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை எடுக்க, வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோவில் போனோம்.

அந்தக் கட்டடத்தில் ஸ்கேன் இயந்திரத்தைத் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் வைத்திருந்தார்கள். லிஃப்டில் இறங்கினோம். ஜன்னல் என்ற பேச்சே இல்லாத ஹால். நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. லிஃப்டுக்குப் பக்கத்தில் புர்கா அணிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, என் கணவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

திடீரென்று கரண்ட் போனது. பெங்களூரில் மழை பெய்தால் இது சகஜம் என்பதால் யாரும் அசையவில்லை. எங்கோ ஜெனரேட்டர் உறுமியது, விக்கியது, நின்றது. சுவர் மூலையில் இருந்த எமர்ஜென்சி விளக்கு மங்கலாக எரிந்து தானும் அணைந்தது. அப்புறம்தான் அந்த வாடை வந்தது. டீசலும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை. சென்டரில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, எல்லோரும் படி ஏறி மேலே போய்விடுங்கள் என்று கன்னடத்தில் கத்தினாள். மற்ற ஊழியர்கள் ஸ்கேன் அறைக்குள் படுத்திருந்தவரைத் தூக்கிவர ஓடினார்கள்.

படிக்கட்டு குறுகலானது. வாக்கரைக் கீழேயே விட்டுவிட்டோம். அவர் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். நான் ஒரு கையால் அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, மறு கையில் போன் டார்ச்சைக் காட்டினேன். எங்களுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. எல்லோர் கையிலும் டார்ச். ஆனால் புகை இறங்கிவிட்டதால் அந்த வெளிச்சம் முழுக்க எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. கண் முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை.

அவருடைய கால் தடுக்கியது. பின்னாலிருந்து யாரோ முட்டினார்கள். அவர் என் தோளை அழுத்தி, "நீ மேல போயிடு. நான் ஓரமா நின்னுக்கறேன், கூட்டம் போனப்புறம் வரேன்" என்றார். ஓரம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. விழுந்தால் மிதித்துக்கொண்டுதான் போவார்கள் என்பது அவருக்கும் தெரியும். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "பேசாம ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவரை இறுக்கிப் பிடிக்கப் போனதில் என் போன் கை நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் நிழல் விழுந்த இடத்தில், படியின் விளிம்பில், வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் படியிலும் ஒன்று. இருட்டில் ஒளிரும் பட்டையை ஒவ்வொரு படியிலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் டார்ச் வெளிச்சம்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

"கோடு தெரியுது, லைட்டை அணைங்க!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து இருமல்தான் பெரிதாக வந்தது. ஆனால் எனக்கு நேர் பின்னால் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. நாற்காலி கொடுத்த அந்தப் பெண்தான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, ஒரு கையைச் சுவரிலும் மறு கையைக் கம்பியிலும் ஊன்றிக்கொண்டார்.

"நில்லி, தள்ளபேடி! எல்லாரூ டார்ச் ஆஃப் மாடி!" என்று கன்னடத்தில் போட்ட சத்தம் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அதையே உருதுவிலும், "நில்லுங்க, தள்ளாதீங்க, எல்லாரும் டார்ச்சை அணைங்க" என்று தமிழிலும் சொன்னார். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கண்டபடி திட்டியது. அவர் நகரவில்லை. ஒவ்வொன்றாக டார்ச்சுகள் அணைந்தன.

அடுத்த சில நொடிகளை என்னால் மறக்கவே முடியாது. முதலில் கும்மிருட்டு. பிறகு படிகள் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. பச்சைக் கோட்டுக்கு மேல் பச்சைக் கோடு, சுவரோரம் வளைந்து மேலே போகும் இன்னொரு பட்டை, மேல் தளத்தின் திருப்பத்தில் ஒரு அம்புக்குறி. அதுவரை முட்டித் தள்ளிய கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.

"அண்ணா, ஆராம்சே, மெதுவா ஏறுங்க. நான் இருக்கேன், என்னைத் தாண்டி யாரும் வரமாட்டாங்க" என்றார் அந்தப் பெண். என் கணவர் ஒவ்வொரு கோட்டிலும் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, ஏறினார். எங்கள் வேகத்துக்கே அத்தனை பேரும் ஏறினார்கள்.

மேலே மழைக்காற்று முகத்தில் அடித்தபோது என் கணவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து இருமினார். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்கேன் அறையில் இருந்தவரையும் ஊழியர்கள் தூக்கி வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய் அந்தப் பெண்ணைத் தேடினேன். ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஊன்றிய கையில் தோல் உரிந்திருந்தது. என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன்.

"எப்படிம்மா அவ்வளவு தைரியமா நின்னே?" என்றேன்.

"தைரியமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா. கோடு தெரியறவரைக்கும் நானும்தான் உங்களைத் தள்ளிட்டிருந்தேன். எங்க காலை வெக்கறதுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு அவசரம்?"

அவருடைய ஸ்கேன் ஆயிற்றா என்று கேட்டேன். இல்லையாம். வயிற்றில் ஏதோ கட்டி என்றும், என்னவென்று தெரிந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வந்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதல்தடவையாக உடைந்தது. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. பெயரைக் கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அதே சென்டருக்கு ஸ்கேனுக்குப் போனபோது ஹால் முழுக்க அவரைத் தேடினேன். காணவில்லை. என் கணவருக்குப் பிறகு ஆபரேஷன் நடந்தது, இப்போது வாக்கர் இல்லாமலே நடக்கிறார். எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டிலும் அந்தப் பட்டையை ஒட்ட வைத்துவிட்டேன். எதற்கு இந்த ஜிகினா என்று சிரித்தவர்கள் கரண்ட் போகும் சாயங்காலங்களில் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்.

அவருடைய ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நிதானமாக நின்று எங்களுக்கு வழிவிடும்போதெல்லாம், இவர் மனசில் என்ன பாரம் இருக்கிறதோ என்று நினைத்து, நானும் ஒரு நிமிடம் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன்.