ரெண்டு சுத்துக்காரர்

டாக்சி என்ஜினின் இரண்டு பல்சக்கரங்களில் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் நீள ஸ்பேனரை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இழுக்கிறார் மெக்கானிக். மேல் சக்கரத்தில் இருக்கும் மஞ்சள் புள்ளி மெல்ல ஏறி வருகிறது. "வாங்க… வாங்க… அப்படியே நில்லுங்க" என்று அதைக் கெஞ்சுகிறார். மனிதர்களை ஒருமையில் அதட்டுகிற மெக்கானிக்குக் குறிகளிடம் மட்டும் அப்படியொரு மரியாதை. மஞ்சள் புள்ளி மரியாதைக்கு மசியவில்லை. என்ஜினில் இருக்கும் கோட்டை ஒரு மயிரிழை தாண்டிப் போய் நின்றது.

"லேசா பின்னால தள்ளுங்க, சரியாயிடும்." பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் சொன்னார். வண்டி அவருடையது. நான்கு நாளாக அதே டயரில்தான் அவருக்கும் வாசம்.

"பின்னால தள்ளுறதுக்கு இது என்ன பீரோவா? தாண்டிட்டா தாண்டினதுதான். முழுசா ரெண்டு சுத்து சுத்தித்தான் வரணும்."

தொழில் கணக்கில் அவர் சொல்வது சரி. கீழ்ச் சக்கரம் இரண்டு முறை சுற்றினால்தான் மேல் சக்கரம் ஒரு முறை சுற்றி, இரண்டின் குறிகளும் ஒன்றாக நேருக்கு வரும். பின்னோக்கித் திருப்பினால் இரண்டையும் இணைக்கும் பெல்ட் தளர்ந்து சக்கரத்தில் ஒரு பல் நழுவக்கூடும். நழுவினால் உள்ளே வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு என்ஜினே பாழ். இதில் யாருக்கும் வழக்கில்லை. இந்தச் சட்டத்தை மனிதர் தெருவுக்கும் வீட்டுக்கும் நீட்டிவிட்டார் என்பதில்தான் வம்பு.

வீட்டை விட்டு இருபது அடி வந்தபிறகு சாவிக்கொத்தை மறந்தது நினைவுக்கு வந்தால் திரும்ப மாட்டார். அப்படியே நடந்து, நாலு தெருவையும் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வருவார். அவர் மனைவி ஜன்னல் வழியே சாவியை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். "இவரை ஒரு சோப்பு வாங்க அனுப்பினா ஊரை அளந்துட்டு வருவாரு" என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் புகார். சீட்டாட்டத்தில் இறக்கிய சீட்டை எடுக்க மாட்டார். சொன்ன சொல்லும் அப்படித்தான். டாக்சி ஸ்டாண்டில் 'ரெண்டு சுத்துக்காரர்' என்றால்தான் ஆளைத் தெரியும்.

நான்கு நாளைக்கு முன் சொன்ன சொல் ஒன்று இப்போது அவர் காலைக் கட்டிப்போட்டிருக்கிறது. அடுத்த தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவள் அவருடைய தங்கை. பதினோரு வருடமாக மத்தியானச் சாப்பாடு அவள் கடையில்தான், இரண்டு ஸ்டூல் போட்டு. அன்றைக்கு அவள் கொடுத்த பெல்ட்டைக் கல்லாமேல் வீசி, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்திவிட்டார்: "கோடு தப்பா போட்ட டுபாக்கூர் பெல்ட்டை அண்ணன் தலையிலயே கட்டுறியா? இனி இந்தக் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்!" அன்றிலிருந்து அவருக்கு மத்தியானம் பிஸ்கட். பசியைக் கூடத் தாங்கிவிட்டார், பேச்சுத் துணை இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு சுற்று முடிந்து இந்த முறை மஞ்சள் புள்ளி கோட்டில் சமர்த்தாக நின்றது. பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளியூரிலிருந்து வரவழைத்த புது பெல்ட்டைப் போட்டார். பெல்ட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள், சக்கரத்துக்கு ஒன்று. கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே, மஞ்சள் புள்ளிக்கு ஒரு பல் தள்ளி நின்றது. தங்கை கொடுத்த பெல்ட்டும் இதே ஒரு பல்தான் தள்ளி நின்றிருந்தது.

"ரெண்டு கடை பெல்ட்டும் ஒரே மாதிரியா தப்பா இருக்கும்?" டாக்சிக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

மெக்கானிக் தன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்து, மேல் சக்கரத்தைத் தேய்த்தார். மஞ்சள் புள்ளி செதில் செதிலாக உதிர்ந்தது. எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ வைத்த பெயிண்ட். ஒரு பல் தள்ளி, பெல்ட்டின் வெள்ளைக் கோட்டுக்கு நேராக, கெட்டியான அழுக்குக்கு அடியில், சக்கரத்தோடு பிறந்த உண்மையான வெட்டுக்குறி பளிச்சென்று சிரித்தது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபத்தைந்து வருட அனுபவஸ்தர், எவனோ வைத்த பெயிண்டை நம்பி, கூடப் பிறந்தவளைத் திட்டியிருக்கிறார்.

"வந்துடறேன்" என்று கையைக்கூடத் துடைக்காமல் கிளம்பினார்.

கடை வாசலை நெருங்கும்போது உள்ளே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவர் கத்தியதை வேடிக்கை பார்த்த அதே லாரிக்காரரும், அதே பால் வேன்காரரும். கால் தயங்கியது. தயங்கிய கால் நிற்காமல், வாசலை ஒரு அடி தாண்டிப் போய்விட்டது. தாண்டினால் தாண்டினதுதான். தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினார்.

தங்கை கவனித்துவிட்டாள். லாரிக்காரர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க, அண்ணன் வந்துடட்டும்" என்றாள்.

"அவருதான் தாண்டிப் போயிட்டாரே?"

"ரெண்டு சுத்து ஆகும். ஆனா வந்துடுவாரு."

முதல் சுற்று முடிந்து அண்ணன் வாசலைக் கடந்தார், பக்கவாட்டில்கூடப் பார்க்காமல். பால் வேன்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கை அவரை ஒரு முறை முறைத்தாள், சிரிப்பு நின்றது. இரண்டாவது சுற்றில் அண்ணனுடைய நடை தளர்ந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்க… வாங்க…" வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அப்படியே நில்லுங்க."

நின்றார். கால் விரல்கள் வாசற்படிக்கு நேராக, ஒரு நூல்கூட உள்ளே போகாமல்.

"பெல்ட் நல்ல பெல்ட்தாம்மா. நான்தான் யாரோ வச்ச புள்ளியைப் பார்த்து ஏமாந்துட்டேன். உன்னைச் சொன்னது தப்பு." பிறகு மற்ற இருவரையும் பார்த்து, இன்னும் கொஞ்சம் உரக்க, "என் தப்பு" என்றார்.

தங்கை அவர் காலைப் பார்த்தாள். உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன கால், சொன்னபடியே வெளியில் நின்றது. கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஸ்டூல்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, நடைபாதையில், அவர் நின்ற இடத்திலேயே இரண்டையும் போட்டாள்.