அழகியநாயகியின் எட்டடி நிழல்

எங்கள் ஊரில் தங்களுக்குச் சிலை வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர்கூட வயலில் இறங்கி ஒரு மரக்கால் நெல் விளைவித்ததில்லை. அழகியநாயகியைப் பற்றி யாரும் அப்படி நினைக்கவில்லை, அவளுக்கும் அந்த நினைப்பு கிடையாது. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

ஆள் நல்ல உயரம். ஊரில் பாதி ஆண்கள் அவளை அண்ணாந்து பார்த்துத்தான் பேசவேண்டும், அதற்காகவே அவள்மேல் கடுப்பாக இருந்தார்கள். ஆனால் பாதம் மட்டும் பத்து வயதுப் பிள்ளையுடைய அளவு. கல்யாணத்தன்று போட்ட மெட்டி கழன்று விழுந்தபோது மாமியார் அபசகுனம் என்றாள். அளவு தெரியாமல் வாங்கியது உங்கள் மகன் என்று மணப்பெண் சொன்னாள். அந்த மகன் கணபதியப்பன், வயலுக்குப் போவதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் தயாராக இருந்தார். ஆகவே இராஜாக்கமங்கலம் சாலையோரம் அவர்களுக்கிருந்த ஒரே துண்டு வயலை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. குளத்துத் தண்ணீர் எல்லா வயலையும் நலம் விசாரித்துவிட்டு, மிச்சமிருந்தால் அவளிடம் வரும். தை மாதம் குளம் வற்றத் தொடங்கினால் முறை வைத்துத்தான் பாய்ச்சல். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம். அழகியநாயகியின் முறைநாளில் காலைத் தண்ணீர் மடையை ஒட்டி வயல் இருந்த கைலாசநாதனுக்கு. பிற்பகலில் நிழல் எட்டடி ஆனதும் அவளுக்கு, பொழுதடையும் வரை.

எட்டடி பார்ப்பது இப்படி. முறை வாங்குகிறவர் வெயிலில் நிமிர்ந்து நின்று, தலையின் நிழல் விழும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அதுவரை தன் பாதத்தாலேயே அடிமேல் அடிவைத்து அளக்கவேண்டும். ஊரில் கடிகாரமே இல்லாதபோது யாரோ செய்த ஏற்பாடு. உயரமானவனுக்குப் பாதமும் பெரிது, குட்டையனுக்குச் சின்னது, எல்லோருக்கும் ஒரே நேரம்தான் வரும் என்று நம்பிவிட்டார்கள். இப்படி ஒருத்தி பிறப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீண்ட நிழலைச் சின்னப் பாதத்தால் அளந்தால் எட்டடி சீக்கிரம் வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது.

1953 தையில் வம்பு வெடித்தது. நாங்கள் எந்த மாநிலத்தில் இருக்கவேண்டும் என்று பெரிய மனிதர்கள் எல்லையை அளந்துகொண்டிருந்த காலம். வடகிழக்கு மழை ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு முறை தண்ணீர் குறைந்தாலும் பதராகிவிடும். அழகியநாயகி வீட்டில் ஆறு மாதச் சோறு அந்த வயலில்தான் நின்றது.

கைலாசநாதன் வீட்டு மாடியில் குமாரதாஸ் என்றொரு பள்ளிக்கூட வாத்தியார் வாடகைக்கு இருந்தார். அவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. வாரம் ஒருமுறை நின்றுவிடும், தட்டினால் ஓடும். அழகியநாயகி எட்டடி என்று மடையைத் திறக்கச் சொன்ன நேரத்தில், தன்னுடைய நிழல் ஏழடி சொச்சம்தான் என்று அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்தார்.

மறுநாளே மடையடியில் ஊர் கூடியது. கைலாசநாதன் அவள் கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதனால் எவ்வளவு ஆத்திரத்திலும் அவள் வாயில் அத்தான் என்றே வரும்.

"ஏட்டி அழகி, பன்னெண்டு வருசமா ஊரை ஏமாத்தியிருக்கே. ஒனக்கக் காலு சின்னது."

"இந்தக் காலை நான் கடையில வாங்கல்ல அத்தான். பொண்ணு பாக்க வந்தப்ப நீங்களும்தான் பாத்திய."

இனி எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆளின் நிழலை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. யாரை? ஒவ்வொருவரும் தன்னையே சொன்னார்கள். குட்டையாகவும் பாதம் முறம்போலவும் இருந்த கைலாசநாதன் முதலில் சொன்னார். குமாரதாஸ் ஒரு வழி சொன்னார். முறைத்தண்ணீர் வாங்கும் எங்கள் பதினேழு ஆண்களையும் வரப்பில் வரிசையாக மல்லாத்திப் படுக்கவைத்து, அவரவர் பாத நீளத்தால் அவரவர் உயரத்தை அளந்தார். சாலையில் போன வண்டிக்காரர் ஒருவர் ஏதோ கொள்ளைநோய் என்று மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். கைலாசநாதனுக்கு ஆறு பாதம், எனக்கு ஆறேமுக்கால், அநேகம் பேருக்கு ஆறரை. அழகியநாயகி படுக்கமாட்டேன் என்று கமுகில் சாய்ந்து நின்று அளந்துகொண்டாள். ஏழு தாண்டியது.

ஆறரைப் பாத உயரத்துக்கு ஒரு கமுகங்குச்சி வெட்டி, சமதரையில் நட்டார்கள். நிழலை அளக்க, அதே பாத நீளத்துக்கு ஒரு பலகைத் துண்டும் வெட்டியாயிற்று. இனி இந்தக் குச்சியின் எட்டடிதான் எட்டடி. பழைய கணக்கைவிடக் கால்மணி நேரம் தள்ளி மூன்று மணிக்கு வந்தது.

அந்தக் கால்மணி நேரத் தண்ணீர்தான் அழகியநாயகி வயலின் தெற்கு மூலை வரை போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நட்ட குச்சியை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"சரி, குச்சியே இருக்கட்டும். ஆனா அளக்கத் தொடங்கியாச்சுல்லா, முழுசா அளந்துட்டுப் போவோம். மூணு மணிக்கு மடையைத் திறந்தா, தண்ணி மூணு மணிக்கே எனக்க வயல்ல நிக்குமா? அது நடந்துல்லா வரணும். அதுக்க நடைய யாரு அளந்தா?"

கைலாசநாதன் சமாளித்தார். "பொழுதடைஞ்சு மடையை அடைச்ச பெறகு வாய்க்கால்ல கெடக்க தண்ணி ஒனக்குத்தானே வருது?"

"வரும். நண்டு வளைக்குப் போக மிச்சம் ஒரு செம்பு வரும். வேணும்னா அதையும் கோரிட்டுப் போங்க."

மடைக்காரர் தாணுலிங்கம் மடையைத் திறந்தார். தண்ணீரின் முன்நுனியில் ஒரு பூவரசஞ் சருகைப் போட்டார்கள். பதினேழு ஆண்கள் ஒரு சருகின் பின்னால் சப்பர ஊர்வலம் போல நடந்தோம். வறண்ட வாய்க்கால் குடித்துக்குடித்துத்தான் விட்டது. சருகு ஒரு வேரில் சிக்கியது. தள்ளிவிடக் கைலாசநாதன் குனிந்தார். தொடக்கூடாது என்று வாத்தியார் அதட்டினார், வாடகைக்கு இருப்பது மறந்துபோய். தண்ணீர் அழகியநாயகியின் வரப்பைத் தொட்டபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அந்த நாற்பது நிமிடத்தை யார் தலையில் கட்டுவது? அவள் தலையில் இல்லை என்று ஊர் சொல்லிவிட்டது. மறுநாள் வாத்தியார் கடிகாரத்தையும் குச்சியையும் சேர்த்துவைத்துப் பார்த்ததில், மூன்று மணிக்கு நாற்பது நிமிடம் முன்னால் குச்சியின் நிழல் ஆறடி. இனி அவளுக்கு ஆறடியிலேயே முறை, பழையதைவிட இருபத்தைந்து நிமிடம் முன்னதாக.

கைலாசநாதனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "பழையபடி அவ காலாலேயே அளந்துக்கிடட்டும், பாவம், பொம்பளை," என்று தாராளம் காட்டினார்.

"வேண்டாம் அத்தான். ஊரு கூடி அளந்தாச்சு," என்றாள்.

அடுத்த முறை குச்சி நிழல் ஆறடி ஆனதும் தாணுலிங்கம் மடையைத் திறந்தார். தண்ணீர் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் அழகியநாயகி மடையடி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கக் காலு கள்ளக்கணக்கு காட்டுகுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கல்லை வைக்கச்சில எல்லாம் நெஞ்சு அடிச்சுக்கிடும். பன்னெண்டு வருசமா நான் ஒரு கள்ளின்னுல்லா நெனச்சேன்," என்று தாணுலிங்கத்திடம் சொல்லி அழுதாள்.

மடைக்குப் பக்கத்துத் தன் வயலில் நின்ற கைலாசநாதன் காதில் விழும்படியாகத்தான் அழுதாள்.